இழுத்தாலும் ஷீப் ஆகாத ஷிப்

அலுவலக இணையக் கூட்டம் ஒன்றில்தான் இது ஆரம்பித்தது. பேச்சுவாக்கில் "ஐ லிவ் ஹியர்" என்றேன். எதிர்முனையில் இருந்தவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. மறுபடி சொல்லச் சொன்னார். நானும் நிதானமாக, அழுத்தம் கொடுத்துச் சொன்னேன். "ஓ, கிளம்புகிறீர்களா? எப்போது?" என்று கேட்டார். இங்கே வசிக்கிறேன் என்று நான் சொன்னது, கிளம்புகிறேன் என்று அவர் காதில் விழுந்திருக்கிறது.

லிவ், லீவ் வேறுபாடு எனக்குத் தெரியாததல்ல. குறிலையும் நெடிலையும் பிரித்தறியாத தமிழ்க்காது உண்டா? படி வேறு, பாடி வேறு. கொடு வேறு, கோடு வேறு. முதல் தடவை குறிலாகத்தான் சொன்னேன். இரண்டாம் தடவை நிதானமாகச் சொல்லப் போய் உயிரெழுத்து கொஞ்சம் நீண்டுவிட்டது. நீண்டதும் அது வேறு சொல்லாகிவிட்டது.

சந்தேகம் தட்டியது அங்கேதான். ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்களும் அழுத்திச் சொல்லும்போது லிவ் என்பதை இழுக்கத்தானே செய்கிறார்கள்? அவர்கள் இழுத்தால் மட்டும் அது ஏன் லீவ் ஆவதில்லை?

இந்தக் கேள்வியின் பின்னால் போனதில் ஏழு வாரம் ஓடிவிட்டது. அதன் பதிவுதான் இது. ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். ஷிப் என்றால் கப்பல், ஷீப் என்றால் செம்மறியாடு. அப்படி எழுதுவதே இந்தக் கதையில் பாதி வில்லன் என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் சோதனை. ஐந்து இணைகளை எடுத்துக்கொண்டேன்: ஷிப்–ஷீப், லிவ்–லீவ், ஃபில்–ஃபீல், சிட்–சீட், ரிச்–ரீச். பத்துச் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு சீட்டு, மொத்தம் 40. சீட்டுகளைக் கலைத்துப் போட்டு, வந்த வரிசையில் படித்துக் கைப்பேசியில் பதிவு செய்தேன். அதை இரண்டு பேருக்கு அனுப்பினேன். ஒருவர் என் அக்கா. இன்னொருவர், கூட்டத்தில் என்னைத் தவறாகப் புரிந்துகொண்ட அதே சக ஊழியர். ஆங்கிலம் தவிர வேறு மொழி தெரியாதவர். கேட்டதை எழுதி அனுப்பச் சொன்னேன்.

அக்கா 40க்கு 38 சரியாகச் சொன்னாள். "இதுல என்னடா கஷ்டம்? ஆடு, கப்பல், கப்பல், ஆடு. போதுமா?" என்று வேறு கேட்டாள். சக ஊழியருக்கு 28. ஆனால் அவர் தாளைப் பார்த்ததும் எண்ணிக்கை முக்கியமில்லாமல் போய்விட்டது. நெடில் சொற்கள் 20இல் ஒன்றுகூடப் பிசகவில்லை. பிசகிய 12ம் குறில் சொற்கள்; அத்தனையும் அவருக்கு நெடிலாகக் கேட்டிருக்கின்றன. ஒரே பக்கமாகச் சாயும் தவறு தற்செயலாக வராது.

அப்புறம் அளவெடுக்க உட்கார்ந்தேன். இதற்கு ப்ராட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் பூர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் உருவாக்கியது. பார்க்கப் பழைய காலத்து மென்பொருள் போல இருக்கும், அதைக் கண்டு ஓடிவிட வேண்டாம். பதிவைத் திறந்தால் மேலே அலைவடிவம், கீழே சாம்பல் நிறப் பட்டைகள். ஃபார்மன்ட் காட்டச் சொன்னால் அந்தப் பட்டைகளின் மேல் சிவப்புப் புள்ளிகள் வரிசைகட்டும். வாய்க்குள் காற்று எந்தெந்த அதிர்வெண்களில் பலமாக ஒலிக்கிறதோ அவைதான் ஃபார்மன்ட்கள். நமக்கு முதல் இரண்டு போதும். நாக்கு மேலே ஏற ஏற முதல் ஃபார்மன்ட் குறையும். நாக்கு முன்னே வர வர இரண்டாவது கூடும். அதாவது, வாயைத் திறந்து பார்க்காமலேயே நாக்கு எங்கே இருக்கிறது என்று ஊகிக்க இரண்டு எண்கள்.

உயிரொலியின் நடுப்பகுதியில் சுட்டியை வைத்து எண்ணை எடுக்க வேண்டும். ஓரங்களில் எடுத்தால் பக்கத்து மெய்யொலி கலந்துவிடும். என் ஷிப்: 310, 2230 ஹெர்ட்ஸ். என் ஷீப்: 290, 2270. நீளம் முறையே 90, 190 மில்லிவிநாடி. நீளத்தில் இரண்டு மடங்கு வித்தியாசம், நாக்கு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஒரு மாத்திரை, இரண்டு மாத்திரை என்று இலக்கணம் சொன்னதை அப்படியே செய்து வைத்திருக்கிறேன்!

ஒப்பிட்டுப் பார்க்க, 1952இல் பெல் ஆய்வகத்தின் கார்டன் பீட்டர்சனும் ஹெரால்டு பார்னியும் வெளியிட்ட அளவீடு இருக்கிறது. ஆண், பெண், குழந்தை என 76 பேரின் அமெரிக்க ஆங்கில உயிரொலிகளை அளந்தவர்கள். அதில் ஆண்களின் சராசரி: ஷீப் வகை ஈ 270, 2290. ஷிப் வகை இ 390, 1990. முதல் எண்ணில் 120 ஏற்றம், இரண்டாவதில் 300 இறக்கம். இந்த எண்களையே எட்டிப் பிடிக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. தொண்டையின் நீளம் ஆளுக்கு ஆள் மாறும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எண்கள் இன்னும் மேலே போகும். நாக்கு எந்தத் திசையில் நகர வேண்டும் என்பதை மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொண்டேன்: கொஞ்சம் கீழே, கொஞ்சம் பின்னே. நானோ நகரவே இல்லை.

இதற்கிடையில் ஒரு மாலை முழுக்க வீணானதையும் சொல்லிவிடுகிறேன். நீச்சல் குளத்தைக் குறிக்கும் பூல் என்ற சொல்லை அளந்தபோது முதல் ஃபார்மன்ட் 500க்குப் பக்கத்தில் வந்தது, இரண்டாவது எங்கோ 2000க்கு மேல். என் ஊ அவ்வளவு மோசமா என்று திரும்பத் திரும்பப் பதிவு செய்தேன். கோளாறு வாயில் இல்லை, அமைப்பில். ப்ராட்டில் ஃபார்மன்ட் உச்சவரம்பு முதலிலேயே 5500 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். அது சராசரிப் பெண்குரலுக்கு. ஆண்குரலுக்கு 5000 என்று மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் ஊ போன்ற ஒலிகளில் அருகருகே இருக்கும் இரண்டு ஃபார்மன்ட்களையும் மென்பொருள் ஒன்றாக்கிவிடுகிறது. மென்பொருளின் உதவிப் பக்கத்திலேயே இந்த உதாரணத்தோடு எழுதியிருக்கிறார்கள். நான்தான் படிக்கவில்லை. நல்லவேளையாக, வரம்பை மாற்றி மறுபடி எடுத்தபோது ஷிப், ஷீப் எண்கள் அசையவில்லை.

எண்களைவிட என்னை அதிகம் உலுக்கியது வெட்டி ஒட்டிய சோதனைதான். சக ஊழியரிடம் அதே சொற்களைப் பேசிப் பதிவு அனுப்பச் சொல்லியிருந்தேன். அவருடைய ஷீப்பில் உயிரொலியின் நடுவில் பாதியை வெட்டி எறிந்தேன். முதல் முயற்சியில் வெட்டிய இடத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. அலை பூஜ்ஜியக் கோட்டைக் கடக்கும் புள்ளியில் வெட்டினால் அந்தச் சத்தம் வராது; சுட்டியை அந்தப் புள்ளிக்கு நகர்த்த மென்பொருளிலேயே ஒரு கட்டளை உண்டு. அதேபோல அவருடைய ஷிப்பின் நடுப்பகுதியை நகலெடுத்து மூன்று முறை ஒட்டி நீட்டினேன். கேட்டால், வெட்டியது எனக்கு அச்சு அசல் ஷிப். நீட்டியது ஷீப். அவருக்கு அனுப்பினேன். வெட்டியதை "அவசரமாகச் சொன்ன செம்மறியாடு" என்றார். நீட்டியதை "தூக்கக் கலக்கத்தில் சொன்ன கப்பல்" என்றார்.

ஒரே ஒலிப்பதிவு, இரண்டு காதுகள், இரண்டு சொற்கள். நான் நீளத்தைக் கேட்கிறேன், அவர் நாக்கின் இடத்தைக் கேட்கிறார். நீளமும் அவருக்கு உதவுகிறதுதான், ஆனால் இரண்டாம்பட்சமாக. அக்கா ஏன் 38 வாங்கினாள் என்பதும் அப்போதுதான் உறைத்தது. அவளுடையதும் மாத்திரை எண்ணும் காது.

இந்தக் குழப்பத்தில் அச்சுப் புத்தகங்களுக்கும் பங்குண்டு. டேனியல் ஜோன்ஸ் 1917இல் கொண்டுவந்த உச்சரிப்பு அகராதியில் இந்த இரண்டு உயிர்களுக்கும் ஒரே குறிதான்; நெடிலுக்கு மட்டும் பக்கத்தில் இரண்டு புள்ளி. பார்ப்பவர், வித்தியாசம் நீளம் மட்டும்தான் என்று நினைக்கத்தானே செய்வார்? 1977இல் கிம்சன் திருத்திய 14ஆம் பதிப்பில்தான் இரண்டுக்கும் தனித்தனி வடிவம் கொடுத்து, நீளப் புள்ளிகளையும் வைத்துக்கொண்டார்கள். என் நோட்டுப் புத்தகமோ இன்னும் 1917இல் இருந்தது. எல்லாச் சொல்லையும் தமிழில் எழுதி, குறிலுக்கு இ, நெடிலுக்கு ஈ என்று மனப்பாடம் செய்தவன் நான். தமிழில் எழுதிய மறுகணம் அது தமிழ் இ ஆகிவிடுகிறது. ஷிப் வகை இகரங்களுக்கு அடியில் சிவப்பு மையில் ஒரு புள்ளி வைத்தேன். 'இது நம் இ இல்லை' என்பதற்கு அந்தப் புள்ளி.

சரி, அந்த இ எங்கே இருக்கிறது? நம் இகரத்துக்கும் எகரத்துக்கும் நடுவில். முதல் வாரம் செய்தது இதுதான்: ஈ என்று நீளமாக ஆரம்பித்து, மூச்சை விடாமல், மெதுவாக எ வரை சறுக்குவது. ஈஈஈ... எஎஎ. அதைப் பதிவு செய்து, பாதி வழியில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக் கேட்டேன். அங்கே இருந்தது, சக ஊழியரின் கப்பல் இகரம். என் வாயிலிருந்தே வந்திருக்கிறது, இத்தனை வருடம் அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்திருக்கிறேன்.

இடத்தைக் கண்டுபிடிப்பது ஒன்று, சொல்லுக்குள் அதில் போய் இறங்குவது இன்னொன்று. எனக்கு உதவியது பெருவிரல். மோவாய்க்கு அடியில், எலும்புக்குப் பின்னால் இருக்கும் மெத்தென்ற இடத்தில் பெருவிரலை வைத்து ஈ சொன்னால் அந்தச் சதை இறுகுவது தெரியும். ஷிப் சொல்லும்போது அது தளர்ந்தே இருக்க வேண்டும். உதடும் அப்படித்தான். ஈ-க்குப் பக்கவாட்டில் இழுபடும், ஷிப்புக்குச் சும்மா கிடக்க வேண்டும். இரண்டாம் வாரம் அளவுக்கு மீறித் தளர்த்தி, உட்காரச் சொல்லும் சிட் செட் ஆகிப் போனது. முதல் ஃபார்மன்ட் 500ஐத் தாண்டியிருந்தது. ஒரு பக்கம் சாய்ந்திருந்த வண்டியை நிமிர்த்தப் போய் மறுபக்கம் கவிழ்த்த கதை.

மூன்றாம் வாரத்திலிருந்து செய்த பயிற்சிக்குத்தான் இந்தப் பதிவின் தலைப்பு. குறில் சொல்லை இரண்டு விநாடி இழுக்க வேண்டும், அது குறிலாகவே நிற்க வேண்டும். ஷிஇஇஇப். வழியில் ஈ பக்கம் நழுவினால் தோல்வி. பிறகு அதற்கு நேர்மாறு: ஷீப் என்பதை வெட்டினாற்போல் குட்டையாகச் சொல்ல வேண்டும், அது ஆடாகவே இருக்க வேண்டும். முதல் நாள் வாய் அழுகிற குழந்தை மாதிரி அடம்பிடித்தது. நீட்டினால் நாக்கு தானாக மேலே ஏறுகிறது, குறுக்கினால் தானாகத் தளர்கிறது. நீளத்தையும் நாக்கையும் பிரித்துக் கட்டினால்தான் வேலை நடக்கும் என்று தெரிந்தது. நாளுக்குப் பத்து நிமிடம், அதற்கு மேல் செய்தால் காது மந்தமாகி எல்லாமே சரியாகத் தோன்றும்.

நீளம் முக்கியமே இல்லையா என்றால், அதுவும் இல்லை. அது வேறு ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. இருக்கைக்கும் சீட் என்றுதான் தமிழில் எழுதுவோம், விதைக்கும் சீட் என்றுதான் எழுதுவோம். ஆங்கிலத்தில் இருக்கையின் கடைசி மெய் அதிர்வில்லாத டகரம், விதையின் கடைசி மெய் தொண்டை அதிரும் டகரம். அதிரும் மெய்க்கு முன்னால் உயிர் நீளும், அதிராத மெய்க்கு முன்னால் சுருங்கும். சக ஊழியரின் பதிவில் விதைக்கு 280 மில்லிவிநாடி, இருக்கைக்கு 160. குழந்தையைக் குறிக்கும் கிட் சொல்லில், கடைசியில் அதிரும் மெய் இருப்பதால், குறிலுக்கே 150 வந்தது. பாருங்கள், குறிலும் நெடிலும் ஏறக்குறைய ஒரே நீளம்! மாத்திரைக் கணக்கு இங்கே செல்லாது. தமிழில் அதிரும் டகரத்துக்கும் அதிராத டகரத்துக்கும் எழுத்து ஒன்றுதான்; மற்ற வல்லினங்களும் அப்படித்தான். அதிர்வதும் அதிராததும் அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது. அதனால் சொல்லின் கடைசியில் இந்த வேறுபாட்டை நாம் கவனிப்பதே இல்லை. என் விதையெல்லாம் இருக்கையாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

இதோடு ஒட்டிய இன்னொரு பழக்கம், குறிலுக்கு அடுத்த மெய்யை இரட்டிப்பது. உட்கார்வதைக் குறிக்கும் சிட்டிங் என்பதை எழுதும்போதே 'ட்டி' என்றுதான் எழுதுகிறேன். ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் அங்கே இரண்டு டி எழுத்து இருக்கிறது. ஆனால் அது முன்னால் இருப்பது குறில் என்று காட்டும் அடையாளம் மட்டும், ஒலியில் ஒரே ஒரு ட. சொல்லின் கடைசியில் ஷிப்பு, புக்கு என்று ஒட்டிக்கொள்ளும் உகரமும் அதே குடும்பம்தான். அந்த உகரம் வந்ததும் சொல் இரண்டு அசையாகி, நீளக் கணக்கு எல்லாம் குழம்புகிறது. அலைவடிவத்தில் பார்த்தால் என் ஷிப்பின் வாலில் ஒரு குட்டி மேடு தெரிந்தது. அதைக் குறைக்க நான் செய்தது, ப-வில் உதட்டை மூடி, அப்படியே திறக்காமல் நிறுத்திவிடுவது.

உ, ஊ பக்கமும் கதை அதேதான். இழுக்கச் சொல்லும் புல், குளத்தைச் சொல்லும் பூல். வித்தியாசம் நீளத்தில் மட்டும் இல்லை. குறிலுக்கு நாக்கு கொஞ்சம் இறங்கி நடுப்பக்கம் வர வேண்டும், உதட்டுக் குவிப்பும் தளர வேண்டும். ஆனால் எல்லாப் பாடங்களும் புல்–பூல், ஃபுல்–ஃபூல் என்றே ஆரம்பிக்கின்றன. இது மோசமான ஆரம்பம் என்பது என் தீர்ப்பு. பின்னால் வரும் லகரம் உயிரைத் தன் பக்கம் இழுத்துக் குழப்பிவிடுகிறது, அளவும் நிலையாக நிற்காது. பார்ப்பதைக் குறிக்கும் லுக், லூக் என்ற பெயர். இந்த இணையில் ஆரம்பித்தால் சீக்கிரம் பிடிபடும். எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். குட், ஃபூட், பிளட் மூன்றிலும் ஆங்கிலத்தில் அதே இரட்டை ஓ எழுத்துதான். பழைய ஆங்கிலத்தில் மூன்றும் ஒரே நெடில் ஓ. பிறகு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு பக்கம் போய்விட்டன, எழுத்து மட்டும் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

லெட்–லேட் இணையில் நான் அதிகம் மெனக்கெடவில்லை. சக ஊழியரின் லேட்டில் ஃபார்மன்ட் கோடுகள் சரிவாகப் போகின்றன. ஏ-யில் தொடங்கி இ பக்கம் நகர்கிறது. என்னுடையது மேசைப்பலகை மாதிரி நேர்கோடு. ஆனாலும் அவருக்கு ஒருமுறைகூடக் குழப்பம் வரவில்லை. ஸ்காட்லாந்துக்காரர்கள் பலரும் நேர்கோடாகத்தான் சொல்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். கட்–கார்ட் இணையும் நம் அ, ஆ வைத்தே ஓரளவு ஓடிவிடும்.

நடுவில் ஒரு குறுக்குவழி தேடினேன். கைப்பேசியின் பேச்சை எழுத்தாக்கும் வசதியிடம் படித்துக் காட்டினால் அது சொல்லிவிடாதா? நான்காம் வாரம் 40க்கு 36 வந்தது, பெருமை தாங்கவில்லை. அப்புறம் வேண்டுமென்றே "கப்பலில் சரக்கு ஏற்றினார்கள்" என்ற பொருள் வரும் ஆங்கில வாக்கியத்தில் ஷீப் என்று அழுத்திச் சொன்னேன். ஷிப் என்றே எழுதியது. முன்பின் சொற்களைப் பார்த்து ஊகிக்கிறது, என் வாயைக் கேட்கவில்லை. தனிச் சொல்லாகச் சொன்னாலும், வழக்கில் அதிகம் வருகிற சொல்லின் பக்கமே சாய்கிறது. இரண்டு சொல்லுக்கும் சமமாகப் பொருந்தும் வாக்கியத்தில் வைத்தால் கொஞ்சம் பரவாயில்லை: 'மறுபடி இன்ன சொல்லைச் சொல்' என்பது போல. நல்ல கேட்பாளி ஒரு மனிதர்தான் என்று அதை விட்டுவிட்டேன்.

காதுக்கும் தனியாகப் பயிற்சி தேவைப்பட்டது. ஒரே ஆளின் பதிவைக் கேட்டுக் கேட்டு அவர் குரலைத்தான் மனப்பாடம் செய்திருந்தேன். வேறு குரலில் கேட்டால் தடுமாற்றம். 1991இல் லோகன், லைவ்லி, பிசோனி மூவரும் ஜப்பானியர்களுக்கு ஆங்கில ர, ல வேறுபாட்டைப் பழக்கியபோது பல பேருடைய குரல்களைக் கலந்துதான் கேட்கவைத்தார்கள். நானும் இணைய அகராதிகளில் கிடைத்த ஆண், பெண், பிரிட்டிஷ், அமெரிக்கக் குரல்களை ஒரு கோப்பில் கலைத்துப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு குறிலா நெடிலா என்று சொல்லிப் பார்த்தேன். காது தெளிந்த பிறகு வாயின் தவறு எனக்கே உடனுக்குடன் கேட்க ஆரம்பித்தது.

ஏழாம் வாரம் அதே 40 சீட்டுகள், புதிய வரிசை. என் ஷிப் இப்போது 380, 2040. சக ஊழியரிடமிருந்து 37 வந்தது. தவறிய மூன்றும் ஃபில். அதற்குக் காரணம் என் லகரம் என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் சொல்லின் கடைசி லகரத்துக்கு நாக்கின் பின்பகுதி மேலெழும். நம் லகரம் முன்னாலேயே பளிச்சென்று நிற்கிறது, முன்னால் இருக்கும் உயிரையும் ஈ பக்கம் இழுத்துக்கொள்கிறது. அடுத்து அதைத்தான் பிரித்துப் போட்டுப் பார்க்க வேண்டும். வேகமாகப் பேசும்போது எல்லாமே பழைய இடத்துக்குப் போய்விடுகிறது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

அதே பதிவை அக்காவுக்கும் அனுப்பினேன். நீளத்தை வேண்டுமென்றே கலைத்துப் போட்டிருந்தேன்: சில ஷிப் நீளம், சில ஷீப் குட்டை. அவளுக்கு 40க்கு 22. கூடவே ஒரு குரல் செய்தி: "என்னடா ஆச்சு உனக்கு? முன்னாடி ஒழுங்காத்தானே சொல்லிட்டு இருந்தே!"